தண்ணி விட்ட புண்ணியம்

வைனா? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கக்கா. பஸ்ஸுல பின் சீட்டுல எங்க ஊருப் பொம்பளைங்க ரெண்டு பேரு உக்காந்திருக்காக. கண்ணு மூடியிருக்கும், காது மூடியிருக்காது.

ஆமா, ரோட்டோரம் அந்தப் பெரிய போர்டுல போட்டிருக்கிறது நெசந்தான். எங்க கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையில வைன் செய்யிறாக. நீங்க வெளியூரு, போர்டைப் பார்த்ததும் கேட்டுட்டீக, தப்பில்ல. முதல்ல இந்தப் பக்கம் மாறி உக்காருங்க. அந்த ஜன்னல்ல வெயிலு ஏறும். பரவாயில்லைன்னெல்லாம் சொல்லாதீங்க, எனக்கு இந்த ரோடு பழக்கம். பையை இங்கிட்டுக் குடுங்க, நான் வச்சுக்கிறேன். ம். இப்ப எப்படி இருக்கு? அம்புட்டுத்தான், யாராவது சொன்னாத்தான் மாறுவீக.

இவ பெனிட்டா. எங்க மக. கையில இருக்கிற பழத்தை உங்க சேலையில தேச்சாலும் தேச்சுருவா, கொஞ்சம் பார்த்துக்கங்க. பன்னீர்த் திராட்சைக் கறை துவைச்சாலும் போகாது. பந்தலுக்கு அடியில தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை இது. நான் மேல கொத்துக்கு மருந்து அடிச்சா, இது கீழ கல்லுக்காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அப்படித்தான் நடை பழகுச்சு. அந்தப் பந்தலுக்குத்தான் இப்ப ஆபத்து. அதுக்குத்தான் தேனிக்குப் போறேன், வைன் கம்பெனி மேனேஜரைப் பார்க்க. என்ன பேசுறதுன்னு நேத்துல இருந்து மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கேன். நீங்களே கேளுங்க, கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

எங்க ஊரு கரட்டுப்பட்டி. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல நாங்க. மழைக்காலத்துல மேக்கு மலையைத் தாண்டி வர்ற காத்து சிலுசிலுன்னு இருக்கும், மழை என்னமோ மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துரும். எங்களுக்குத் தூத்தல்தான். அது திராட்சைக்கு ரொம்ப நல்லதாம். வெயிலும் இருக்கணும், காத்தும் இருக்கணும், பழுக்குற நேரம் மழை மட்டும் வந்துரக் கூடாது. இப்படி ஒரு இடம் அமையிறது கஷ்டம்னு மேனேஜர் சொல்லுவாரு. நாங்க என்னமோ மழை வரலைன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துவோம், அவரு மழை வரலைன்னு சிரிப்பாரு.

முன்ன ஒரு காலத்துல வெள்ளைக்காரச் சாமியார் ஒருத்தர் கப்பல்ல வரும்போது நாலு திராட்சைக் குச்சி கொண்டாந்தாராம். ஈரத் துணியில சுத்தி, பெட்டிக்குள்ள, பூசை உடுப்புக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்தாருன்னு எங்க பக்கம் சொல்லுவாக. எதுக்குன்னு நெனைக்கிறீக? பூசைக்குத் திராட்சை ரசம் வேணும்ல. சீமையில இருந்து வரவழைச்சா பாதி வழியிலயே புளிச்சுப் போகுதுன்னு கோயில் கிணத்துப் பக்கத்துல ஊனி வச்சாராம். அதுல இருந்து ஒடிச்ச குச்சிதான் எங்க ஊரு, பக்கத்து ஊரு, அதுக்குப் பக்கத்து ஊருன்னு பந்தலாப் பரவுச்சு. நெசமோ பொய்யோ, பாதிரியார் குச்சின்னுதான் இன்னைக்கும் பேரு. அப்ப யோசிச்சுப் பாருங்க, எங்க கொடி பிறந்ததே வைனுக்குத்தான். நடுவுலதான் நாம அதைக் கூடையில அடுக்கி, பேப்பரைச் சுத்திக் கேரளாவுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கோம்.

இதை நான் ஊருல சொல்ல முடியுமா? முடியாது. ஏன்னா நான் கொடி பிடிச்சவ. திராட்சைக் கொடி இல்லைக்கா, போராட்டக் கொடி. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில பிராந்திக்கடையைக் கொண்டாந்து வச்சாக. எங்க மகளிர் குழு மொத்தமும் ரோட்டுல உக்காந்துச்சு. முன் வரிசையில நானு, வயித்துல இவ. தண்ணி வேணாம், தண்ணி வேணாம்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. கடையையும் ஊருக்கு வெளிய மாத்திட்டாக. அன்னையில இருந்து குழுவுக்கு நான்தான் தலைவி. இப்ப போயி, என் தோட்டத்துப் பழம் வைனுக்குப் போகுதுன்னு சொன்னா சிரிக்க மாட்டாகளா? வைன் வேற, பிராந்தி வேற. சாமியார் பீடத்துல கையில எடுக்கிறது என்னவாம்? எனக்குத் தெரியும், உங்களுக்குப் புரியுது. அந்தப் பின் சீட்டுக்குப் புரியுமா? அதான் மெதுவாப் பேசச் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன்.

எங்களுக்கு இருக்கிறது மேட்டுத் தோட்டம். கரட்டு அடிவாரம், சரளை மண்ணு, தண்ணி ஊத்துனா நிக்காது, வடிகட்டியில ஊத்துன மாதிரி இறங்கிரும். பாகப் பிரிவினையில எங்க கொழுந்தனாருக்கு ஆத்தோரத்து வண்டல் போச்சு, எங்களுக்கு இது வந்துச்சு. ஊரே எங்களைப் பாவமாப் பார்க்கும். எங்க பழம் சின்னதா இருக்கும், ஆனா கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. ஏவாரி வந்து பார்த்தா, பழம் பொடிசா இருக்கே, கூடை நிறைய மாட்டேங்குதேன்னு மூஞ்சியைச் சுளிப்பான். போன ரெண்டு வெள்ளாமையும் மருந்துச் செலவுக்கே சரியாப் போச்சு. எங்க வீட்டுக்காரரு விடியக்காலம் ஜீப்புல ஏலக்காய்த் தோட்டத்து ஆளுகளை மலைக்கு ஏத்திட்டுப் போறவரு. தோட்டம் முழுக்க என் பொறுப்பு. அவரு சொல்லிட்டாரு, இந்த வெள்ளாமையும் இப்படின்னா கல்லுக்காலைப் பிடுங்கிட்டு வாழையைப் போட்டுக் குத்தகைக்கு விட்டுருவோம், நீயும் என் ஜீப்புலயே ஏறி ஏலக்காய் எடுக்க வந்துருன்னு. வந்துரலாம். மலை ஏறுறதுக்கு நான் பயப்படல. பிள்ளையை எங்க விட்டுட்டு வர? கேட்டா ரேடியோவைத் திருகுவாரு.

அந்த நேரத்துலதான் மேனேஜர் தம்பி வந்தாரு. பேரு கார்முகில். படிச்ச பையன், வடக்க எங்கயோ வைன் படிப்பே படிச்சிருக்காராம். எங்க தோட்டத்து மண்ணைக் கையில அள்ளி, விரலால உதிர்த்து உதிர்த்துப் பார்த்தாரு. நானும் குறை சொல்லப் போறாருன்னு தயாரா நிக்கிறேன். அக்கா, இந்த மாதிரி மண்ணைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்னு சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்த மண்ணை ஒருத்தரும் நல்லதுன்னு சொன்னதில்ல.

அவரு சொன்னதெல்லாம் கேக்கக் கேக்க நல்லா இருந்துச்சு. வெளிநாட்டுல குளிர் வந்ததும் கொடி இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கிருமாம், வருசத்துக்கு ஒரே வெள்ளாமைதானாம். நம்ம ஊருல குளிரு எங்க இருக்கு? கவாத்து பண்ணி, அதான் கொம்பை வெட்டி விட்டா, உடனே துளிர்க்கும், பூக்கும், காய்க்கும். பழம் எடுத்த கையோட மறுபடி வெட்டுவோம். நம்ம கொடி தூங்குறதே இல்லையாக்கான்னு கேட்டாரு. கைப்பிள்ளை வச்சிருக்கவ தூங்குவாளா தம்பின்னு நான் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு.

ஆனா ஒரு நிபந்தனை போட்டாரு. சந்தைக்கு விடுற பழம் மாதிரி இது இல்ல. வைனுக்குப் பழம் கொடியிலயே கிடந்து நல்லா இனிப்பு ஏறணும். ஒரு குழாய் வச்சிருக்காரு, பழச்சாறை ஒரு சொட்டு அதுல விட்டு, ஒத்தைக் கண்ணால வெளிச்சத்தைப் பார்த்தா உள்ள நம்பர் தெரியும். அவரு சொன்ன நம்பர் வர்ற வரைக்கும் வெட்டக் கூடாது. கடைசி நாளுகள்ல தண்ணியே காட்டக் கூடாது. கொடியைக் கொஞ்சம் தவிக்க விடணும்க்கா, அப்பத்தான் தண்ணிச் சத்து குறைஞ்சு பழத்துல ருசி கூடும்னாரு. நல்லாக் காஞ்சு கிடக்கிறப்ப திடீர்னு தண்ணி விட்டா அவ்வளவுதான், நம்ம பன்னீருக்குத் தோலு மெலிசு, உறிஞ்சி உப்பி வெடிச்சிரும்னும் சொன்னாரு. எனக்கு இது நல்லாப் புரிஞ்சுச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் சொன்னேன். அவரு, ஒரு வெள்ளாமை பார்ப்போம், இதுதான் கடைசின்னாரு.

அப்பவே மேனேஜர் ஒரு போர்டு வைக்கிறேன்னு சொன்னாருக்கா. தோட்டத்து வாசல்ல, கம்பெனி பேரு போட்டு, தண்ணி பாய்ச்சக் கூடாது, அனுமதி இல்லாம நுழையக் கூடாதுன்னெல்லாம் எழுதி. போட்டோவைக் காட்டுனாரு. நடுவுல ஒரு கண்ணாடிக் கோப்பை படம். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னுச்சு. வேணாம் தம்பி, எங்க ஊரு நல்ல ஊரு, ஒருத்தரும் அடுத்தவுக தோட்டத்துல கை வைக்க மாட்டாகன்னு சொல்லிட்டேன். சரிதானே நான் சொன்னது? எவனும் ஒரு பழத்தைத் தொடலையே.

பழம் நிறம் பிடிச்சு, கறுத்து, இனிப்பு ஏற ஆரம்பிச்சுச்சு. தண்ணியை நிறுத்திட்டேன். இலையெல்லாம் மத்தியான வெயிலுக்குச் சோர்ந்து தொங்கும். எனக்கே மனசு கேக்காது. தொட்டில்ல பிள்ளை பாலுக்கு அழுகுற மாதிரி இருக்கும் அதைப் பார்க்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்களுக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் மரியலூயிஸ் அண்ணனோடது. கிணறு ரெண்டு குடும்பத்துக்கும் பொது, மோட்டாரு தனித்தனி. அண்ணன் தங்கமான மனுசன். அதுலதான் தொந்தரவே. ஊருல யாருக்குத் தலைவலின்னாலும் இவரு மாத்திரையோட நிப்பாரு. நீங்க வேணாம்னா அவரு காதுல கூச்சப்படுறீகன்னுதான் விழும். சில பேரு அப்படித்தான் இருக்காக, நமக்கு எது நல்லதுன்னு அவுகளே முடிவு பண்ணிருவாக. இருங்க, அந்த ஜன்னலைப் பாதி சாத்திர்றேன், உங்களுக்குத் தூசி அடிக்குது. சளி பிடிச்சுக்கும். இருக்கட்டும் இருக்கட்டும்.

அண்ணன் வரப்புல நின்னு கேட்டாரு, என்ன சகாயம், கொடியெல்லாம் வாடிக் கிடக்குன்னு. என் பேரு சகாயராணி. நான் என்ன சொல்ல? வைனுக்குக் காயப்போட்டிருக்கேன்னா சொல்ல முடியும்? வாயில வந்ததைச் சொன்னேன், மோட்டாரு காயில் போயிருச்சுண்ணே, மெக்கானிக்கு கட்டித் தர்றேன்னுருக்கான்னு. அம்புட்டுத்தான் சொன்னேன். சின்னப் பொய்யி, யாருக்கு என்ன நட்டம்? என் மோட்டாருல இருந்து விடட்டான்னாரு. வேணாம்ணே, பழுத்த பழம்தானே, இன்னும் கொஞ்ச நாள்ல வெட்டிருவேன், தாங்கும்னேன். தெளிவா வேணாம்னு சொன்னேன்க்கா. தமிழ்லதான் சொன்னேன்.

மேனேஜர் வந்து குழாயில பார்த்தாரு. நம்பர் வந்துருச்சு, நாளைக்குக் காலையில ஆளும் வண்டியும் கொண்டாறேன், வெட்டிருவோம்னாரு. என் கண்ணுல வச்சுக் காட்டுனாரு. நானும் பார்த்தேன். அன்னைக்கு நான் நடக்கல, மிதந்தேன். எங்க வீட்டுக்காரருகிட்ட, நடுறதுக்கு வாழைக் கட்டைக்குச் சொல்லி வச்சீகளே, வேணாம்னு சொல்லிருங்கன்னேன். விடிஞ்சதும் பார்த்தா மேனேஜர் வண்டிக்கு ஏதோ கோளாறு. ஒரு நாள் தள்ளி வர்றேன்னு போன் பண்ணுனாரு. ஒரு நாள்தானே, காய்ஞ்சா நல்லதுதானேன்னு நானும் விட்டுட்டேன். அன்னைக்குப் பெனிட்டாவுக்குக் காய்ச்சல் வேற, தோட்டத்துப் பக்கமே போகல.

மறுநாள் விடியக்காலம் போறேன். வரப்புல கால் வச்சா புதைஞ்சுச்சு.

என்னடா இது, மழையும் இல்லையேன்னு பார்த்தா, கிணத்து மேட்டுல இருந்து எங்க பந்தல் வரைக்கும் குழாய் கிடக்குது. அண்ணன் அவரு மோட்டாரைப் போட்டு, வாய்க்கால் வாய்க்காலா விட்டிருக்காரு, முந்துன நாள் பூராவும். தோட்டம் தளும்பி நிக்குது. இலையெல்லாம் நிமிர்ந்து ஜம்முன்னு சிரிக்குது. பந்தலுக்கு அடியில நுழைஞ்சு மேல பார்க்கிறேன், ஒவ்வொரு கொத்துலயும் பழம் வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. சாறு சொட்டி என் நெத்தியில விழுது. அதுக்குள்ள ஈ வந்துருச்சு, தேனீ வந்துருச்சு. நான் அப்படியே கல்லுக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எங்க மக நடை பழகுறப்ப நின்ன மாதிரி.

அண்ணன் அந்தப் பக்கம் இருந்து, பார்த்தியா சகாயம், தோட்டம் எப்படித் தெளிஞ்சிருச்சுங்கிறாரு. முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு நாள் முழுக்கச் சோறு தண்ணி இல்லாம நின்னிருக்காரு மனுசன். அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு நான் என்ன சொல்ல? ரொம்ப நன்றிண்ணேன்னேன். என் வாய் சொல்லுச்சு. நான் சொல்லல.

பழம் ஏன் வெடிச்சுச்சுன்னு அவரே ஒரு காரணம் சொன்னாரு, ராத்திரி பனி இறங்குச்சுல்ல, அதான்னு. ஆமாண்ணேன்னேன்.

மேனேஜர் லாரியோட வந்தாரு, வந்த வழியே போனாரு. ஒரு கொத்தை எடுத்து மோந்து பார்த்துட்டுக் கீழ வச்சாரு, அம்புட்டுத்தான். கத்தியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். தேறுனதை அண்ணன் வீட்டுல எல்லாரும் வந்து கூட நின்னு வெட்டிக் குடுத்தாக, ஜூஸ் போடுறவுக வந்து பேருக்கு ஒரு விலை சொல்லி அள்ளிட்டுப் போனாக.

இதோட முடிஞ்சுதா? ஞாயித்துக்கிழமை பூசையில பங்குச்சாமியார் பிரசங்கம் பண்றாரு. பிறரை நேசிக்கிறதுன்னா என்ன? நம்ம ஊருலயே பாருங்க, மோட்டாரு பழுதான ஒரு சகோதரிக்கு, கேக்காமலே போயித் தண்ணி பாய்ச்சின ஒரு சகோதரர் இருக்காருன்னு. எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாக. அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காரு, காது மட்டும் சிவந்து போச்சு. என்னையும் பார்க்கிறாக. நான் நெஞ்சுல கையை வச்சு ஆமாங்கிற மாதிரி தலையாட்டுறேன். எப்படி இருக்கும் சொல்லுங்க எனக்கு? அன்னைக்கு மத்தியானம் கோழி அடிச்சுக் குழம்பு வச்சு அண்ணன் வீட்டுக்குக் குடுத்து விட்டேன். ஊரு எதிர்பார்க்கும்ல. என் தோட்டத்தை அழிச்சதுக்கு என் கோழி.

எங்க வீட்டுக்காரரு கோழிக் கறியைத் தின்னுக்கிட்டே, வாழைக் கட்டைக்கு மறுபடி சொல்லியாச்சுன்னாரு. அதோட எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டாரு.

விடுவேனா நானு? மேனேஜருக்குப் போன் மேல போன். கடைசியில இறங்கி வந்தாரு. மண்ணு நல்ல மண்ணுக்கா, அதுக்காகத்தான், இன்னும் ஒரு வெள்ளாமை பார்ப்போம். ஆனா இந்தத் தடவை போர்டு வச்சே ஆகணும், இல்லைன்னா வேற தோட்டம் பார்த்துக்கிறோம், இன்னைக்கு ஆபீசுக்கு வந்து பதில் சொல்லுங்கன்னாரு. அந்தக் கோப்பைப் படம் போட்ட அதே போர்டு. அதை எங்க தோட்டத்து வாசல்ல வச்சுட்டு, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குழுக் கூட்டத்துல உக்காருவேன்? வைக்கலைன்னா வாழை. அப்புறம் ஏலக்காய் ஜீப்பு. இவளை என்ன பண்ண?

அதுக்குத்தான் ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். போர்டு இல்லாமயே யாரும் தண்ணி விடாம இருக்க ஒரு வழி. இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாக்கியம் மதினியைப் பார்த்தேன், மரியலூயிஸ் அண்ணன் சம்சாரம். மதினி, அடுத்த வெள்ளாமைக்கு மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன், பழம் பழுக்குற நேரம் எங்க கொடி நோன்பு இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணி காட்ட மாட்டேன், யாரும் விடவும் கூடாதுன்னேன். ஈஸ்டருக்கு முன்ன தபசு காலத்துல நாம ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருக்கோம்ல, அந்த மாதிரின்னேன். மதினிக்குக் கண்ணே கலங்கிருச்சு. இனிமே அந்தப் பக்கம் ஒரு குழாய் வருமா? மாதா பேரைச் சொன்னா அண்ணன் வரப்பைக் கூட மிதிக்க மாட்டாரு. எப்படி என் மூளை? இதை மேனேஜருகிட்ட எப்படி எடுத்துச் சொல்றதுங்கிறதுதான் இப்ப யோசனை. அவரு படிச்சவரு, நோன்புக்கெல்லாம் மசிவாரான்னு தெரியல.

இருங்க, போன் அடிக்குது. பெனிட்டாவைக் கொஞ்சம் பிடிங்க. மதினிதான்.

சொல்லுங்க மதினி. ஆமா, சின்னமனூர் தாண்டியாச்சு. என்னது? அண்ணனா? எதுக்கு? இல்ல இல்ல, மதினி, என்ன சொல்றீக. எங்க தோட்டத்துக்குத்தான் நேர்ச்சை, அதுவும் அடுத்த வெள்ளாமைக்குத்தான். அவரு எதுக்கு நிறுத்துறாரு? மோட்டாரு ரூமைப் பூட்டிட்டாரா?

கேட்டீகளாக்கா. எங்க தோட்டம் அழிஞ்சு போச்சுன்னு, எங்களுக்காக அவரு தோட்டமும் சேர்ந்து நோன்பு இருக்கட்டும்னு, இன்னைக்கே தண்ணியை நிறுத்திட்டாராம். இன்னைக்கே. அவரு எங்களுக்குப் பிந்தித்தான் கவாத்து பண்ணுனாரு, அவரு கொத்துல இப்பத்தான் பிஞ்சு பட்டாணி அளவு இருக்கு. இப்பத் தண்ணி இல்லைன்னா அது பட்டாணியாவே நின்னு போகும். மூணு பொம்பளைப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இருக்கிற மனுசன்.

மதினி, லைன்லதான் இருக்கேன். அண்ணனை மோட்டாரைப் போடச் சொல்லுங்க. சொன்னாக் கேளுங்க. மதினி, நேர்ச்சையெல்லாம் ஒண்ணும் இல்ல. இல்லைங்கிறேன். எங்க பழம் வைனுக்கு. கேக்கலையா? வைனுக்கு மதினி, வைனுக்கு. கம்பெனிக்கு. அதுக்குத் தண்ணி விடக் கூடாது. வெட்டுறதுக்கு முன்னாடி காயப் போடணும், தண்ணி விட்டா வெடிச்சிரும். மோட்டாரு நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணும் ஆகல அதுக்கு.

என்னது? பனியா?

இல்ல மதினி. பனியில வெடிக்கல.

அழுகாதீக. அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு, எனக்குத் தெரியாதா? அவருகிட்ட இப்பச் சொல்லாதீக. சரி, பக்கத்துலயே நிக்கிறாரா. குடுக்காதீக, நான் சாயந்தரம் நேர்ல வாரேன். முதல்ல மோட்டாரைப் போடச் சொல்லுங்க. என்ன? என்ன சொன்னீக? திரும்பச் சொல்லுங்க.

எப்பத் தெரியும்?

சரி. வச்சிடுறேன்.

பிள்ளையைக் குடுங்கக்கா. கறை பண்ணிட்டாளா? அய்யோ. நான்தான் சொன்னேன்ல.

மதினி என்ன சொல்லுச்சு தெரியுமா? வைனுக்குன்னு எங்களுக்குத் தெரியாதாடின்னு கேக்குது. கம்பெனிக்காரவுக வந்த அன்னைக்கே தெரியுமாம். அதனாலதான் அண்ணன் தண்ணியே விட்டாராம். பெரிய கம்பெனிக்காரன் பழம் எடுக்க வர்றான், நம்ம சகாயம் தோட்டம் இப்படி வதங்கிக் கிடந்தா வேணாம்னு போயிருவானே, பழம் நல்லாத் திரண்டு நிக்கட்டும், அவன் பார்த்து அசரட்டும்னு விட்டாராம். அண்ணன் பின்னாடி நின்னு ஏதோ சொல்றது போன்ல கேட்டுச்சு. மதினிதான் எடுத்துச் சொல்லுச்சு, வைனுக்குத் தண்ணி ஆகாதுன்னு எங்களுக்கு எப்படிடி தெரியும், தண்ணி வேணாம் தண்ணி வேணாம்னு அன்னைக்கு ரோட்டுல உக்காந்து ஊருக்கே கேக்கக் கத்துனியே, இதுக்கு ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதான்னு.

பாருங்க, பின் சீட்டு முழிச்சிருச்சு. சிரிக்கிறாக ரெண்டு பேரும். என்ன ஞானசெல்வி அக்கா, என்ன சிரிப்பு? என்னது? எங்க வீட்டுக்காரரா?

கேட்டீகளா இதை. கார்முகில் தம்பி வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயந்தரமே எங்க வீட்டுக்காரரு டீக்கடையில உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டாராம். நம்ம சரளைக்கு வந்த யோகத்தைப் பாருங்கடான்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாராம். பங்குச்சாமியாருக்கே தெரியுமாம். குழுவுல அத்தனை பேருக்கும் தெரியுமாம். தலைவி வெக்கப்படுறா, நாமளா கேட்டாச் சங்கடப்படுவான்னு ஒருத்தரும் கேக்கலையாம்.

வீரபாண்டி வந்துருச்சு. இன்னும் கொஞ்சந்தான், தேனி. போர்டை வைக்கச் சொல்லிரப் போறேன்க்கா. படத்தோடவே வைக்கட்டும். தண்ணி விடக் கூடாதுங்கிறதை மட்டும் படத்தை விடப் பெரிய எழுத்துல போடச் சொல்லணும். வாழைக் கட்டைக்காரனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். சாயந்தரம் அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கப் போறேன்னுதான் தெரியல. அந்த மனுசன் இந்நேரம் மோட்டாரைப் போட்டுட்டுப் பிஞ்சைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

ஆனா எனக்கு ஆத்திரமா வருதுக்கா. நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. ஊரு முச்சூடும் தெரிஞ்சு வச்சிருக்கு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்கிட்ட வந்து, இந்தா சகாயம், எங்களுக்கு விஷயம் தெரியும்னு சொல்லியிருந்தா, நான் எதுக்கு மோட்டாரு கெட்டுச்சுன்னேன், எதுக்கு மாதாவை இழுத்தேன்? ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்னக்கா கஷ்டம்? மனுசங்கன்னா மனசுல இருக்கிறதை வெளிய சொல்லணும். இப்படி எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தா, அடுத்தவுகளுக்கு எப்படித் தெரியும்?